சட்டைப் பையில் ரெண்டு பல்பு

மற்ற டிரைவர்கள் சட்டைப் பையில் செல்போன் வைத்திருப்பார்கள், பீடிக்கட்டு வைத்திருப்பார்கள். அவர் பையில் கார் ஹெட்லைட் பல்பு ரெண்டு இருக்கும். பழைய பனியன் துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாதபடி நடுவில் ஒரு மடிப்பு விட்டு வைத்திருப்பார். டீ கிளாஸை எடுக்கக் குனியும்போது பையைக் கையால் பொத்திக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்கள் பாவம் நெஞ்சுவலிக்காரர் போல என்று நினைத்து, உட்கார இடம் விடுவார்கள்.

பசங்களா, நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. நான் திண்டிவனம் ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவராகச் சேர்ந்தபோது அவர் அங்கே எங்களுக்கெல்லாம் மூத்தவர். ஆக்டிங் டிரைவர் என்றால் உங்கள் அப்பனைப் போல சொந்த வண்டி இல்லாதவன். கார் வைத்திருப்பவருக்கு ஓட்டத் தெரியாது, அல்லது அன்றைக்கு உடம்பு முடியாது. போன் போட்டுக் கூப்பிடுவார். போய் அவர் காரை ஓட்டி, கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வருவோம். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, ஓடுகிற பாட்டும் அவருக்குப் பிடித்த பாட்டு. கையும் காலும் கண்ணும் மட்டும்தான் எங்களுடையது.

அவரை ஸ்டாண்டில் எல்லாரும் டிம் அண்ணன் என்போம். எதிரில் ஒரு வண்டி வந்தால் நம் ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டும், அதைத்தான் டிம் பண்ணுவது என்கிறோம். வெளிச்சம் எதிரில் வருகிறவர் முகத்துக்குப் போகாமல் ரோட்டில் விழும். எல்லா டிரைவரும் செய்ய வேண்டியதுதான். ஆனால் இவர் லாரிக்கும் டிம் பண்ணுவார், சைக்கிளுக்கும் பண்ணுவார், மாடு ஓட்டிக்கொண்டு போகிறவருக்கும் பண்ணுவார். ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், வல்லம் பக்கம் அவரோடு போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரத்தில் ஒரு நாய் எதிரே நடந்து வந்தது. அதற்கும் டிம் பண்ணினார்.

“நாயிக்கு இன்னாத்துக்குண்ணா டிம்மு? அது ஒனக்கு நன்றி சொல்லப் போவுதா?” என்றேன்.

“அதுக்கும் ரெண்டு கண்ணு கீதுல்ல” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

இவர் எப்போதோ யாரையோ இடித்திருக்கிறார், அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்று ஸ்டாண்டில் ஒரு கதை ஓடியது. ஒருவன் அதை நேரிலேயே கேட்டுவிட்டான்: “உண்மையச் சொல்லுண்ணா, யாரைப் போட்டுத் தள்ளின?”

அவருக்குக் கோபம் வரவில்லை. “இடிச்சாத்தான் தெரியணுமாடா? நான் பத்து வருசம் சைக்கிள்ல போனவன். எதிர்ல லைட்டு அடிச்சா சைக்கிள்காரனுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ரோடு இருக்கும், பள்ளம் இருக்கும், நம்ம காலும் இருக்கும். எதுவும் தெரியாது” என்றார்.

இந்தக் குணம்தான் அவர் பிழைப்பைக் கெடுத்தது. நல்ல குணம் எப்படிப் பிழைப்பைக் கெடுக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அது சரியாக விளங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் கார்களில் மஞ்சள் வெளிச்சம்தான். பிறகு கடைகளில் வெள்ளை எல்.ஈ.டி. பல்பு வந்தது. கார் கம்பெனி போட்டதைக் கழற்றிவிட்டு, இதை வாங்கி அதே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அருமையாக இருக்கும், ரோடே பகலாகிவிடும். ஆனால் பழைய பல்புக்குள்ளே, டிம்முக்கு எரிகிற கம்பிக்குக் கீழே, சின்னதாக ஒரு தகரக் கிண்ணி இருக்கும். வெளிச்சம் மேலே ஏறாமல் அதுதான் தடுக்கும். பல்புக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிக் கிண்ணமும் அந்தக் கம்பி எந்த இடத்தில் எரியும் என்று அளந்து செய்தது. வேறு பல்பை அதில் மாட்டினால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். சொம்பு மூடியைக் கொண்டுபோய் டம்ளரில் வைத்த மாதிரி. மூடியும் நல்ல மூடி, டம்ளரும் நல்ல டம்ளர், ரெண்டும் சேராது. அந்த வண்டியில் டிம் பண்ணினாலும் ஒன்றுதான், பண்ணாவிட்டாலும் ஒன்றுதான். எதிரில் வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

விலை அதிகமான பல்பும் இப்படித்தானா, நல்லதும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் ஓட்டிய வண்டிகளில் இப்படித்தான் இருந்தது. மாற்றக் கூடாது என்று சட்டம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். ரோட்டில் போய் நின்று பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருக்கிற மாதிரித் தெரியாது.

டிம் அண்ணனுக்கு இது பெரிய பேஜாராகிவிட்டது. வாழ்நாள் முழுக்க டிம் பண்ணிய மனிதர் டிம் பண்ணுகிறார், எதிரில் வருகிறவன் லைட்டை அடித்து அடித்துக் காட்டி, பக்கத்தில் வரும்போது கண்ணாடியை இறக்கி அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போகிறான். இவர் இங்கே உட்கார்ந்துகொண்டு, “டிம்லதாம்பா வர்றேன், டிம்லதான் கீது” என்று போய்விட்டவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பின்சீட்டில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

முதலில் அவர் ஒரு வேலை செய்தார். அடிக்கடி ஓட்டுகிற ஒரு காரின் ஹெட்லைட் கண்ணாடியில் மேல் பாதிக்குச் சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். மேலே ஏறுகிற வெளிச்சத்தைச் சந்தனம் தடுத்துவிடும் என்று கணக்கு. அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அந்தக் கார்க்காரரின் அம்மாவுக்கு அது தெரியும். “பாருங்களேன், வேதக்காரரா இருந்தும் நம்ம சாமி மேல எவ்ளோ பக்தி” என்று ஊரெல்லாம் சொல்லி, அடுத்த வாரம் மயிலம் கோயிலிலிருந்து ஒரு டப்பா சந்தனம் வாங்கிவந்து கொடுத்தார். அண்ணன் கையெடுத்து வாங்கிக்கொண்டார். ஆனால் சந்தனம் காய்ந்து, வண்டி குலுங்கக் குலுங்க உதிர்ந்துவிட்டது. உதிராத இடத்தில் வெளிச்சம் இன்னும் கலைந்து, புகை மாதிரி பரவியது. நாங்கள் எதிரில் நின்று பார்த்துச் சொன்னோம்: “முன்னவிட மோசம்ணா. இப்ப கண்ணும் கூசுது, கோயில் வாசனையும் வருது.”

அப்புறம்தான் சட்டைப் பையில் பல்பு வந்தது.

விழுப்புரத்தில் ஒரு காலை வேலையை முடித்துவிட்டு, அந்த பல்பை வாங்க அவரோடு நானும் போனேன். கார் சாமான் கடை. வாசலில் வெள்ளை பல்பை எரியவிட்டு வைத்திருந்தார்கள், பட்டப்பகலிலேயே கண்ணைக் குத்தியது. அண்ணன், “சாதா பல்பு ரெண்டு குடுங்க” என்றார். கடைக்காரர் உள்ளே போய், தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்துவந்தார்.

“இத இப்ப யாருண்ணா வாங்கறாங்க? நீங்க ஒருத்தர்தான்.”

“நீங்க ஏன் அத விக்கறீங்க? எதிர்ல வர்றவங்க எப்படி வண்டி ஓட்டுவாங்க?”

கடைக்காரர் நல்ல மனிதர். கோபப்படாமல் சொன்னார்: “கஸ்டமரு வந்து இன்னா சொல்லிக் கேக்கறாரு தெரியுமா? எதிர்ல வர்றவன் அடிக்கறான், கண்ணு தெரியல, அதவிட பவரா ஒண்ணு குடுன்னுதான் கேக்கறாரு. அவரு இங்க இருந்து மாட்டிக்கினு போவாரு. அவருக்கு எதிர்ல போனவன் நாளைக்கு வருவான், அதவிட பவரா குடும்பான். நான் விக்கலன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க. நான் இன்னாண்ணா பண்ணட்டும்?”

அண்ணன் காசை எண்ணிக் கொடுத்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். பஸ் ஏறின பிறகு, “அந்த ஆளு சொல்றதும் சரியாத்தான் கீது” என்றார்.

அன்றிலிருந்து, வெளிச்சம் மங்குவதற்குள் எங்கே நிற்கிறாரோ அங்கே வண்டியின் பானட்டைத் திறப்பார். கார்க்காரரிடம் கேட்டுக்கொண்டு வெள்ளை பல்பைக் கழற்றி, தன் பல்பை மாட்டி ஓட்டுவார். வீடு வந்ததும் தன்னுடையதைக் கழற்றி, அவர்களுடையதை மாட்டி, எரிகிறதா என்று காட்டிவிட்டுத்தான் சாவி கொடுப்பார். பல்பின் கண்ணாடியில் விரல் படவே படாது. விரல் எண்ணெய் பட்டால் சூட்டில் வெடிக்கும் என்று துணியால்தான் பிடிப்பார். சில வண்டிகளில் பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் கை நுழையாது. நுழைத்து நுழைத்து அவர் புறங்கையில் எப்போதும் சிராய்ப்பு.

சிலர் சம்மதிப்பார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், “உங்க இஷ்டப்படி மாத்துங்க, ஆனா பாட்ட மாத்தாதீங்க” என்பார். சிலர் அடுத்த தடவை வேறு டிரைவரைக் கூப்பிடுவார்கள். ஒருவர் எனக்கே போன் போட்டு, “அந்த ஆளுக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா? கார எடுக்கச் சொன்னா ஆபரேசன் பண்ணிக்கினு இருக்காரு” என்று கேட்டார்.

நாங்களும் விட்டுவைக்கவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றால், “அண்ணா, சூரியனுக்கு எப்ப பல்பு மாத்தப் போற?” என்போம்.

“அதுவாவது சாயங்காலம் தன்னால டிம் ஆவுதுடா” என்பார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். தெருவெல்லாம் ஸ்டார் தொங்கியது, உள்ளே பல்பு எரிந்தது. இவர் வீட்டு ஸ்டாருக்கு மட்டும் எதிர்வீட்டுப் பக்கம் ஒரு சாக்குத்துணி. எதிர்வீட்டுக்காரர் வாசலில்தான் படுப்பாராம். அண்ணன் மனைவியை அக்கா என்பேன்; அவர் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஊரு ஒலகத்துல ஏசு பொறந்தாருன்னு ஸ்டாரு கட்டுவாங்க. எங்க வூட்ல ஸ்டாருக்கு முட்டாக்கு. எதிர்வூட்டு அண்ணன் கண்ணு கூசுமாம். எங்க சமையக்கட்டுல பல்பு போயி மூணு வாரமாச்சி தம்பி, நான் செல்போன வாயில கவ்விக்கினு கொழம்பு தாளிக்கறேன். கார் பல்பு மாத்தறவருக்கு வூட்டு பல்பு மாத்த நேரமில்ல.”

“நாளைக்கு மாத்தறேன்” என்றார் அண்ணன்.

“பாருங்க தம்பி, இதையும் டிம்மாவே சொல்றாரு.”

மூன்று பேரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகம் சிரித்தார்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி இருந்தார். சத்தமாகப் பேசுவார், ஆனால் டிரைவரைத் தன்னோடு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வார், ஓரமாக உட்காரச் சொல்ல மாட்டார். விழுப்புரத்தில் யாரிடமோ பழைய கார் ஒன்று வாங்கினார். கையோடு வெள்ளை பல்பும் மாட்டினார். டிம் அண்ணன்தான் அவருக்கு வழக்கமான டிரைவர். அண்ணன் முதல் நாளே கேட்டார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

“மொதலாளி, பொழுது போயி ஓட்டும்போது மட்டும் சாதா பல்பு போட்டுக்கறேன். வந்ததும் உங்களுத திரும்ப மாட்டிக் குடுத்துடறேன்.”

“ஏன், இதுக்கு இன்னா? பகலாட்டம் தெரியுதே.”

“நமக்குத் தெரியுது. எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு போவுது.”

முதலாளி பானட்டில் கையை ஊன்றிக்கொண்டார். “என் மச்சான் கரும்பு டிராக்டர் பின்னாடி போயி சொருவினான், தெரியுமா ஒனக்கு? டிராக்டருக்குப் பின்னாடி ஒரு வெளக்கு இல்ல, ஒரு சிவப்பு பேப்பர்கூட ஒட்டல. மச்சான் வண்டியில, உன் பையில கீதே, அதே மஞ்ச பல்புதான். கண்ணுக்குத் தெரியல, போயிட்டான். எதிர்ல வர்றவன் கண்ணு கூசுதுன்னு நானும் போயி டிராக்டர்ல சொருவட்டுமா? சொல்லுப்பா.”

அண்ணன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். “தெரியல மொதலாளி” என்றார்.

“அப்ப லைட்டுல கைய வெக்காத.”

“சரிங்க.”

பல மாதம் அப்படியே ஓட்டினார். ஓட்டிவிட்டு வந்தால் ஸ்டாண்டில் பேச்சு இருக்காது. ஒருநாள் கேட்டதற்கு, “ஒரு பால்காரன்டா, டி.வி.எஸ்ல வந்தான். நம்ம லைட்டப் பாத்து பயந்து மண்ணுல எறங்கிட்டான். பால் கேன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அடி இல்ல, எழுந்து நின்னுட்டான். எறங்கிப் பாக்கலாம்னா, மொதலாளி ‘நாம இடிக்கலியே, நீ போ’ன்னுட்டாரு. நாம இடிக்கலதான்” என்றார். அந்த வாரம் முழுக்க, “நாம இடிக்கலதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

செஞ்சியில் முதலாளியின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. ரெண்டு வண்டி. முன் வண்டியை அண்ணன் ஓட்டினார். முதலாளி முன்னால், அவர் மனைவி பின்னால். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்போம். பின் வண்டியை நான் ஓட்டினேன், அதில் உறவுக்காரர்களும் வரிசைப் பாத்திரங்களும். போகும்போது பகல், விளக்குக்கு வேலையில்லை. விசேஷம் முடியச் சாயங்காலமாகிவிட்டது. நான் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, மண்டபத்துக்குப் பின்னால் அண்ணன் பானட்டைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளை பல்பு ரெண்டையும் பனியன் துணியில் சுற்றி டாஷ்போர்டு மேல் வைத்திருந்தார்.

“கேட்டியாண்ணா?” என்றேன்.

தலையாட்டினார், இல்லை என்று. “பள்ளிக்கூடம் வுட்டு ஸ்பெசல் கிளாஸ் முடிச்சி பசங்க சைக்கிள்ல வர்ற நேரம்டா. வல்லம் வரைக்கும்தான். அப்புறம் டீ குடிக்க நிறுத்தச் சொல்லி, மாத்திடறேன்.”

கேட்காமல் அவர் பல்பு மாற்றியது அந்த ஒரு தடவைதான்.

விருந்துச் சாப்பாட்டு மயக்கத்தில் முதலாளி வண்டியில் ஏறியதுமே தூங்கிவிட்டார். அண்ணன் முன்னால் போக, நான் பின்னால் போனேன். பொழுது இறங்கிவிட்டது. அவர் வண்டிக்கு முன்னால் ரோட்டில் மஞ்சள் வெளிச்சம் பாய் விரித்த மாதிரி கிடந்தது. சைக்கிளில் வந்த பிள்ளைகள் இவரைத் தாண்டும்போது பேசிக்கொண்டே வந்தார்கள், யாரும் கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கவில்லை. அதை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

வல்லம் வருவதற்கு முன்னால் ஒரு வளைவு. எதிரில் பஸ் வந்தது. அப்போது அண்ணன் வண்டியின் வெளிச்சம் சிவந்தது, ஒரு தடவை துடித்தது, அணைந்தது. ரெண்டு பக்கமும் சேர்ந்து. முன்னால் கார் இருந்த இடத்தில் பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பஸ் ஹாரன் அடித்தது. அந்தச் சிவப்பு விளக்கு சட்டென்று இடது பக்கம் சாய்ந்து, கீழே இறங்கி, நின்றது.

நான் நிறுத்திவிட்டு ஓடினேன். வண்டி மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி, வாய்க்கால் கரையில் மூக்கை மோதி நின்றிருந்தது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம். முதலாளிக்கு ஒன்றும் இல்லை. அம்மா பின்சீட்டில், அன்றைக்குப் போட்ட கண்ணாடி வளையலெல்லாம் உடைந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, “ஐயோ, ஐயோ” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிம் அண்ணன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் மண்ணில் முட்டிபோட்டு நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் வளையல் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி டாஷ்போர்டுக்குக் கீழே துணி அவிழ்ந்து விழுந்து கிடந்த வெள்ளை பல்பை எடுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வழக்கமாகச் சத்தம் போடுகிறவர் அன்றைக்குச் சத்தம் போடவில்லை.

“எதிர்ல வர்றவன் கண்ணப் பாத்தியே. பின்னாடி உக்காந்துக்கினு கீறாளே, இவளப் பாத்தியா?”

அண்ணன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் எங்களுக்குக் காட்டினார். அந்தக் காரை முன்பு வைத்திருந்தவன், சூடு அதிகமுள்ள பவர் பல்பு ஒன்றை மாட்டி ஓட்டியிருக்கிறான். ரெண்டு லைட்டுக்கும் ஒரே ஒயரில் கரண்ட் இழுத்து டேப் சுற்றியிருக்கிறான். அந்தச் சூட்டில் ஹோல்டரும் ஒயரும் உள்ளே ஏற்கெனவே பாதி வெந்துவிட்டன. வெள்ளை எல்.ஈ.டி. கொஞ்சம்தான் கரண்ட் எடுக்கும், அதனால் குறை வெளியே தெரியவில்லை. வெளிச்சம் அதிகம் என்றால் கரண்ட்டும் அதிகம் என்று நாங்கள் நினைத்திருந்தோம், உண்மை தலைகீழ். அண்ணன் போட்ட பல்பு கம்பெனி பல்பு, ஞாயமான பல்பு. ஆனால் அதற்கு வேண்டிய கரண்டை வெந்துபோன ஒயர் தாங்கவில்லை. விரிசல் விட்ட பானையில் கால்வாசி தண்ணீர் நிற்கும், முழுசாக ஊற்றினால் விட்டுவிடும். அவர் முழுசாக ஊற்றினார். பானையில் விரிசல் இருப்பது அவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். அம்மா கையில் மாவுக்கட்டு. அண்ணன் கட்டிலுக்குத் தள்ளி, சுவர் ஓரமாக நின்றார்.

“நீங்க கெட்ட எண்ணத்துல பண்ணல. அது எனக்குத் தெரியுது” என்றார் அம்மா. “ஆனா எங்க வண்டிய இனிமே தொடாதீங்க.”

“சரிங்கம்மா.”

திட்டியிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

சின்ன ஊர். ரெண்டே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போன் வரும், “டிம்மு வேணாம், வேற யாராச்சும் அனுப்பு” என்பார்கள். தலைமை ஆசிரியர்கூடக் கூப்பிடவில்லை. அண்ணன் காலையில் வந்து பெஞ்சில் உட்காருவார், சாயங்காலம் போவார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. கேலி நின்றதே அவருக்கு உறைத்திருக்கும். ஒருநாள் என்னைக் கேட்டார்:

“நீயே சொல்லுடா. அந்த வண்டிய நான் எப்படி ஓட்டியிருக்கணும்?”

யோசித்தேன். முதலாளி சொன்னபடி வெள்ளை பல்போடு ஓட்டியிருந்தால் அம்மா கை உடைந்திருக்காது. ஆனால் பால்காரனைப் போல இன்னும் எத்தனை பேர் மண்ணில் இறங்கியிருப்பார்களோ. ஓட்ட மாட்டேன் என்று போயிருந்தால் வேறொருவர் ஓட்டியிருப்பார். மெக்கானிக்கிடம் முதலிலேயே காட்டியிருக்கலாம், ஆனால் தன்னுடையது இல்லாத வண்டியை யார் சொல்லி அவர் காட்டுவது?

“தெரியலண்ணா” என்றேன்.

“ஆங்” என்றார். நாலைந்து நாளில் வருவதை நிறுத்திவிட்டார். போன் போட்டால் அக்காதான் எடுத்தார், “எங்கியோ வேல தேடிக்கினு போறாரு தம்பி” என்றார். அனந்தபுரம் மார்க்கெட்டில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். வேறொருவன் அது அவர் இல்லை என்றான்.

முதலாளி காரைச் சரிசெய்து, ஒயரெல்லாம் புதிதாகப் போட்டு, முன்பைவிட வெள்ளையாக ஒரு பல்பு மாட்டினார். என்னைக் கூப்பிட்டார், போனேன். உங்கள் ரெண்டு பேரின் பள்ளிக்கூடச் செலவில் பாதி இன்றைக்கும் அந்த வண்டியில்தான் வருகிறது. நானும் டிம் பண்ணுகிறேன். எதிரில் வருகிறவர்கள் எனக்கும் லைட்டை அடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

போன மார்கழியில் அம்மாவை விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கை கூடிவிட்டது, ஆனால் குளிருக்கு வலிக்கிறது. பனி, சீக்கிரமே இருட்டிவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் அம்மா டீ வேண்டும் என்றார். ரோட்டோரத்தில் பெரிய ஓட்டல், பஸ்ஸெல்லாம் நிற்கிற இடம். வாசலில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட ஒருவர், வாயில் விசிலோடு, கையில் சிவப்பு விளக்குக் குச்சியை ஆட்டி வண்டிகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வருகிற லாரி, பஸ், கார் எல்லாவற்றின் வெளிச்சமும் முதலில் அவர் முகத்தில்தான் விழும். அவர் வேலை அப்படி, வெளிச்சத்துக்கு நேராக நின்றால்தான் டிரைவருக்கு அவர் தெரிவார்.

“டிம் பண்ணுப்பா, பாவம் அந்த மனுசன் கண்ணு” என்றார் அம்மா.

“டிம்லதாம்மா கீது.”

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனதும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார்.

“அவருதானே?”

“ஆமாம்மா.”

எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நாங்கள் வெறும் வெள்ளை வெளிச்சம். “லெப்ட்ல வாங்க சார், லெப்ட்ல” என்றார்.

“லைட்ட அணைச்சிடுப்பா” என்றார் அம்மா. 

மொத்தமாக அணைத்தேன். இருட்டில் வண்டி மெதுவாக உருண்டது. உடனே விசில் சத்தம் வந்தது. சிவப்புக் குச்சியை ரெண்டு கையாலும் ஆட்டிக்கொண்டு, எங்களை நோக்கி ஓடிவந்தார்.

“சார் சார், லைட்டு போடுங்க! லைட்டு போடுங்க சார்! கொழந்தைங்க குறுக்க வருதுங்க, வண்டி வர்றது அதுங்களுக்குத் தெரியல!”

போட்டேன். அவருக்குப் பின்னால் ரெண்டு குழந்தைகள், கையில் பிஸ்கட்டோடு, ஒரு வேனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நின்று, ஓரமாக ஒதுங்கின. அண்ணன் எங்கள் வெளிச்சத்தின் நடுவில் நின்றார். ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டார். மற்றக் கையால், “வாங்க சார்… நேரா வாங்க… அப்படியே வாங்க” என்று எங்களைக் கூப்பிட்டபடியே பின்னால் நடந்தார்.